வட்டில் இடம் குறைவு

கமண்டல நதி பட்டு நெசவாளர் நலக் கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன. ஒன்று செயலாளருக்கு. இன்னொன்று கணினிக்கு. உறுப்பினர்கள் ஆயிரத்து இருநூறு பேருக்கும் சேர்த்து ஒரு ஜன்னல் இருந்தது. அது திறக்காது.

அந்தத் திறக்காத ஜன்னலுக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சில், ஜூன் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு ரேணுகாதேவி வந்து உட்கார்ந்தாள். ஆரணி கொசப்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருப்பவள். பதினாறு வயதில் தறிக்குழிக்குள் காலை இறக்கினாள். நாற்பத்து நான்கு ஆகியும் இன்னும் முழுதாக வெளியே எடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்தது மகளுக்காக. பவித்ரா ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க, நெசவாளர் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடங்களில் ஒன்று அவள் பெயருக்கு வந்திருந்தது. தாய் நெசவாளிதான் என்று சங்கம் ஒரு சான்று கொடுக்க வேண்டும். இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தக் காகிதம் கல்லூரி மேசைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ரேணுகாதேவியின் விரலில் இருக்கும் காய்ப்பைத் தொட்டால் கண் தெரியாதவன்கூட நெசவாளி என்று சொல்லிவிடுவான். கல்லூரி காய்ப்பை ஏற்பதில்லை. கணினி அச்சிட்ட காகிதத்தைத்தான் ஏற்கும்.

கணினி மூலையில் இருந்தது. 2012இல் வந்தது. அதன்மேல் ஜரிகைக் கரை போட்ட பட்டு உறை. விலைபோகாத ஒரு புடவையை வெட்டித் தைத்தது என்று பேச்சு. பெட்டியின் நெற்றியில் மூன்று பட்டைச் சந்தனம், நடுவில் குங்குமம். தனசேகரன் அதன் விசையை அமுக்கிவிட்டுக் கும்பிட்டார். பிறகு டீ குடிக்கக் கிளம்பினார். அவர் பதவியின் பெயர் ‘கணினி இயக்குபவர் (தற்காலிகம்)’. அடைப்புக்குறிக்குள் பதினொரு வருடமாக இருக்கிறார்.

"சார், இன்னும் எம்மாந்நேரம் ஆவும்?" என்று ரேணுகாதேவி கேட்டாள்.

"இப்பத்தாம்மா போட்டுகினு வரேன். பதினொன்றரைக்கு முழிச்சுக்கும். அதுக்கும் வயசாவுதில்ல?"

பதினொன்றரைக்கு அது விழித்தது. உடனே திரையின் கீழ்மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. தனசேகரன் அதை ஈயை ஓட்டுவதுபோல் அம்புக்குறியால் ஓட்டினார். அது மறுபடி வந்தது. சான்றுப் படிவத்தைத் திறந்தார். திரை வெள்ளையாகி, அப்படியே நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரம்கூட ஓடிக்கொண்டிருந்தது, கணினியின் கடிகாரம் ஓடவில்லை.

ரேணுகாதேவி எழுந்து வந்து எட்டிப்பார்த்தாள். அந்தக் கட்டத்தில் இருந்த ஆங்கிலம் அவளுக்குப் பழக்கமானதுதான். அவள் தறியின் தலையில் இருந்து டிசைன் போடும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டியும் மாதத்துக்கு இரண்டு தடவை இதையேதான் சொல்லும்.

"சார், உள்ள எடம் இல்லன்னு சொல்லுதுங்க. எங்க வூட்டு ஜக்காடு பெட்டியிலயும் இப்டித்தான் வரும். பழைய டிசைன அழிச்சாத்தான் புதுசு ஏறும். மயில அழிச்சிட்டு அன்னத்தப் போடுவேன். ரெண்டு நிமிசம்."

‘அழிச்சிட்டு’ என்ற சொல் செயலாளர் சந்திரமோகனின் காதில் விழுந்தது. அவர் பேனாவை மூடினார். பேனாவை மூடினால் பேசப்போகிறார் என்று பொருள்.

"அழிக்கிறதா? ஏம்மா, இது இன்னா உன் வூட்டுத் தறியா? பதிமூணு வருசமா இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்தக்கூட நாங்க அழிச்சது கெடையாது. எத்தினி ஆபீசுல இப்டி நெஞ்சத் தொட்டு சொல்லுவாங்க? வேல செஞ்சாத்தான் தப்பு வரும். தப்பு வந்தாத்தான் அழிக்கணும். நாங்க அதுக்கு எடமே குடுக்கல."

"அப்ப கையால எழுதிக் குடுத்துடுங்களேன் சார். நாலு வரிதான?"

"இது முழுக்கக் கணினிமயமான சங்கம்மா" என்று சொல்லி, அவள் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதை ஒரு தடித்த பேரேட்டில் கையால் எழுதிக்கொண்டார். நாலு வரிதான் வந்தது.

பிரச்சினையை மேலிடத்துக்குத் தெரிவிப்பது என்று முடிவாயிற்று. கணினி திறக்காததால் கடிதமும் கையெழுத்தில்தான். ஆட்சிமொழிச் சட்டப்படி ஆங்கிலச் சொல் ஒன்றும் இருக்கக் கூடாது என்பதில் சந்திரமோகன் கண்டிப்பானவர்.

"டிஸ்க்குக்குத் தமிழ்ல இன்னா சார்?" என்றார் தனசேகரன்.

"வட்டு. எழுதிக்கோ. ‘இச்சங்கத்துக் கணினியின் வட்டில் இடம் குறைவாக உள்ளது. ஆவன செய்யப் பணிவுடன் வேண்டுகிறேன்.’"

கடிதம் மண்டல அலுவலகத்துக்குப் போனது. அங்கே இருந்த கண்காணிப்பாளர் எழுத்துப்பிழை பொறுக்காதவர். ‘வட்டில்’ என்பதன் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு, ‘வட்டத்தில்’ என்று திருத்தி, ஓரத்தில் ‘கவனம் தேவை’ என்றும் எழுதினார். திருத்திய பிறகு படித்தால் விஷயம் தெளிவாக இருந்தது. ஆரணி வட்டத்தில் இடம் குறைவு. பாவம், ஒரு கணினி இடமில்லாமல் கஷ்டப்படுகிறது.

ஐந்தே நாளில் பதில் வந்தது. அந்த அலுவலக வரலாற்றில் அது சாதனை. ‘ஆரணி வட்டத்தில் இடம் குறைவாக உள்ள நிலையில், கலசப்பாக்கம் வட்டத்தில் மூன்று சென்ட்டும் வெம்பாக்கம் வட்டத்தில் ஐந்து சென்ட்டும் நமது துறைவசம் காலியாக உள்ளன. கணினிக்கு எந்த வட்டம் உகந்தது என்பதை மூன்று படிகளில் தெரிவிக்கவும்.’

ரேணுகாதேவி அன்றைக்கு நாலாவது தடவையாக வந்திருந்தாள். தறியில் பாதிப் புடவை நின்றது. தனசேகரன் கடிதத்தைப் படிக்க, அவள் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார், அவங்க தப்பா புரிஞ்சிகினாங்க. நெலம் இல்லைங்க சார் இது. பொட்டிக்குள்ள எடம்."

சந்திரமோகன் முகத்தில் பெருமிதம் வழிந்தது. "பாத்தியா தனசேகரா! ஒரே ஒரு லெட்டர். அஞ்சு சென்ட் குடுக்கறான். போன செயலாளர் இருபது லெட்டர் போட்டு ஒரு நாற்காலி வாங்கினாரு."

"சார், தப்புன்னு எழுதி அனுப்பிடலாம் இல்ல?" என்றாள் அவள்.

"மேலிடம் தப்பு பண்ணாதும்மா. பண்ணிச்சின்னா, அத்தச் சொல்றது நம்ம வேல கெடையாது. அதுக்குன்னு தணிக்கை கீது." அவர் பதில் எழுதினார்: வெம்பாக்கம் தொலைவு, கணினி பஸ் ஏறிப் போய்வர இயலாது, ஆரணியிலேயே இடம் பார்த்துத் தரவும்.

அதற்காக மண்டல அலுவலகத்துக் கட்டடப் பிரிவிலிருந்து அளவர் ஜினகுமார் வந்தார். வந்தவாசிப் பக்கத்து ஆள். நிதானமான மனிதர். கையில் டேப்பு, கழுத்தில் கேமரா. அறையை அளந்தார். மேசையை அளந்தார். பட்டு உறையைக் கழற்றி, பெட்டியின் நீள அகல உயரம் அளந்தார். ‘கணினி தற்போது ஒன்றரை அடிக்கு அரை அடி இடத்தில் வசிக்கிறது. ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை’ என்று குறித்துக்கொண்டார்.

ரேணுகாதேவிக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்களாவது கேளுங்க. அது உள்ள எடம் சார். ஜிபின்னு சொல்லுவாங்களே, அது. வெளிய எத்தினி அடி குடுத்தாலும் உள்ள நெறைஞ்சதுதான?"

ஜினகுமார் டேப்பைச் சுருட்டினார். "நீ சொல்றது நல்லா புரியுதும்மா. என் பொண்ணு போனுலயும் இதே பேஜார்தான். ஆனா என் படிவத்துல அடி, அங்குலம், சென்ட்டுன்னு மூணு கட்டம்தான் போட்டிருக்கான். ஜிபிக்குக் கட்டம் கெடையாது. கட்டம் இல்லாதத நான் எங்க எழுதுவேன், சொல்லு?"

நியாயமான மனிதர் என்பதால் அவளுக்கு இன்னும் கவலையாகிவிட்டது. அநியாயம் பேசினால் சண்டை போடலாம்.

போகும்போது ஜினகுமார் எண்பத்தாறு படங்கள் எடுத்தார். ஆய்வு நடந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று அவற்றைச் சங்கத்துக் கணினியிலேயே ஏற்றச் சொன்னார். ஏற்றுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மறுநாளிலிருந்து கணினி பதினொன்றரைக்கு எழவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு எழுந்தது. ஒன்றே காலுக்குச் சாப்பாட்டு இடைவேளை. அந்த அரை மணியில் அது படிவத்தை முக்கால்வாசி திறக்கும். பிறகு அணைக்கப்படும்.

பத்தொன்பதாம் தேதி, செயலாளர் சாப்பிடப் போன சமயம் பார்த்து, தனசேகரன் கணினியை அணைப்பதற்குள், ரேணுகாதேவி அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு போண்டாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"சார், கோவிச்சிக்காத. உள்ள டெம்பரரின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். வேல முடிஞ்ச குப்பையெல்லாம் அதுலதான் தேங்கும். அத்த அழிச்சாலே கொஞ்சம் மூச்சு வுடும்."

தனசேகரனின் கையில் இருந்த போண்டா நின்றுவிட்டது.

"ஏம்மா, என் வயித்துல அடிக்கிற? டெம்பரரின்னா அழிச்சிடலாமா? டெம்பரரின்னா வேல முடிஞ்ச குப்பையா? நானும் டெம்பரரிதான். இன்னிக்கு நான் இத்த அழிச்சா, நாளைக்கி எவனாவது ‘முன்னுதாரணம் கீது’ன்னு சொல்லி என்னிய அழிச்சிடுவான். அதுங்களும் பதிமூணு வருசமா உள்ள கெடக்குது. நியாயமாப் பாத்தா நிரந்தரம் பண்ணணும்."

அவர் கண் கலங்கியிருந்தது. ரேணுகாதேவி மூன்றாவது போண்டாவையும் தள்ளினாள்.

"சரி வுடு சார். அது ஏழை ஜனம், கெடக்கட்டும். பெரிய ஆளுங்க எவன் உள்ள எடத்த அடைச்சிகினு கீறான்னு பாப்போம்."

அளவுப்படி வரிசையாக அடுக்கச் சொன்னாள். கணினி பத்து நிமிடம் யோசித்தது. பிறகு பட்டியல் வந்தது. முதல் வரியில்: ‘கணினி திறப்பு விழா 2012 – துணை இயக்குநர் அறவாழி அவர்கள் பேருரை.’ ஒன்பது ஜிபி. இரண்டாம் வரியிலும் அதே பெயர், கடைசியில் ‘நகல்’. மூன்றாம் வரியில் ‘நகலின் நகல்’. அப்படியே கீழே கீழே போய், பதினான்காம் வரியில் அந்தப் பெயர் நீண்டு திரைக்கு வெளியே போய்விட்டது.

"இது இன்னா சார்?"

"அறவாழி ஐயா அப்ப எங்களுக்குத் துணை இயக்குநரு. ‘இக்காணொளி எக்காலத்தும் அழியாமல் பாதுகாக்கப்பட வேண்டும்’னு ஆர்டர் போட்டுட்டுத்தான் மாத்தல்ல போனாரு. அதான் வருசா வருசம் திறப்பு விழா நாள்ல ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வெக்கறோம்."

"எங்க வெக்கற?"

"இதுக்குள்ளதான். வேற எங்க வெக்கறது?"

அவள் கேட்டுக்கொண்டதால் அதை ஓடவிட்டார். மாலைகளுக்கு நடுவே அறவாழியின் முகம் தெரிந்தது. ‘இன்று முதல் இச்சங்கத்தில் எந்த நெசவாளியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்க…’ என்றார். அங்கேயே காணொளி உறைந்துபோனது. வாய் திறந்தபடி இருந்த அறவாழியை இருவரும் ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே ஒரு காப்பிய வெச்சிகினு மிச்சத்த அழி சார். பொண்ணு படிப்பு சார்."

"என்னால முடியாதும்மா. துணை இயக்குநர் போட்ட ஆர்டர இன்னொரு துணை இயக்குநர்தான் எடுக்கணும்." அவர் போண்டாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "இந்தப் போண்டாவுல இன்னா போட்ட, நல்லா கீது."

அந்த வாக்கியத்தை ரேணுகாதேவி மனசுக்குள் முடிச்சுப்போட்டு வைத்துக்கொண்டாள். போண்டா பற்றியதை அல்ல, அதற்கு முந்தினதை.

இதற்குள் மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். சங்கக் கட்டடத்திலேயே இடம் இருக்கிறது என்று ஜினகுமாரின் அறிக்கை சொன்னது. உறுப்பினர்கள் உட்காரும் பகுதி. அந்தப் பக்கத்துச் சுவர் இடிக்கப்பட்டது. பெஞ்சு வாசலில் வெயிலுக்குப் போனது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடி அறையின் நடுவில், புதிய மேசையில், அதே கணினி, அதே சந்தனப் பட்டைகளோடு தனியாக அமர்ந்திருந்தது. ஒரு ஏசியும் வந்தது. ஏசி குளிரில் கணினி முன்பைவிட மெதுவாக எழுந்தது என்று தனசேகரன் சொன்னார். அது அவருடைய சொந்தக் கருத்து.

‘கணினிக்குக் கூடுதல் இடம் வழங்கும் விழா’ இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அழைப்பிதழ் அடித்தார்கள். பத்து மணி விழாவுக்கு இப்போதைய துணை இயக்குநர் தென்னரசு பன்னிரண்டு மணிக்கு வந்தார். ரேணுகாதேவி எட்டு மணிக்கே வந்துவிட்டாள். பவித்ராவைச் சான்றிதழ்க் கட்டோடு பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கவைத்திருந்தாள். வேலூருக்கு ஒன்றரை மணி நேரம்.

தென்னரசு ரிப்பன் வெட்டினார். கணினிக்கு மாலை போட்டார். மைக்கைப் பிடித்தார்.

"இடம் கேட்டார்கள். கொடுத்தோம்! ஒன்றரை அடிக்கு அரை அடியில் அடைந்து கிடந்த கணினி இன்று பன்னிரண்டுக்குப் பதினாறில் கம்பீரமாக வீற்றிருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் கணினியைத் திறந்துவைத்தார். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஓர் இடத்தைத் திறந்துவைத்தது யார்? நெசவாளர்கள் வெயிலில் நிற்பதைப் பார்க்கிறேன். மனம் நெகிழ்கிறது. தாங்கள் வெயிலில் நின்றாலும் கணினி வெயிலில் நிற்கக் கூடாது என்று நினைக்கிற இந்தப் பண்பு வேறு எந்த ஊரில் உண்டு? கணினி வேகமாக வேலை செய்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள். வேகம் முக்கியமில்லை. இருப்புதான் முக்கியம். நானே அதற்கு எடுத்துக்காட்டு."

கைதட்டினார்கள். வெயிலில் நின்றவர்கள் சீக்கிரம் முடியட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

ஒன்றே கால். புகைப்படக்காரர் நானூற்றுப் பன்னிரண்டு படங்களை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அவற்றை இந்தக் கணினியிலேயே ஏற்றி, இந்தத் திரையிலேயே பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு என்று தென்னரசு சொல்லிவிட்டார். பிரியாணி வாசம் வாசல்வரை வந்துகொண்டிருந்தது. தனசேகரன் பென் டிரைவைச் செருகினார். மஞ்சள் கட்டம் எழும்பியது.

"என்னய்யா சொல்லுது?"

"இடம் இல்லைன்னு சொல்லுதுங்க ஐயா."

தென்னரசு பன்னிரண்டுக்குப் பதினாறு அறையைச் சுற்றிப் பார்த்தார். சந்திரமோகனும் பார்த்தார்.

வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேணுகாதேவி உள்ளே வந்தாள். கும்பிட்டாள்.

"ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. உள்ள பழைய அறவாழி ஐயா உக்காந்துகினு கீறாரு. பதினாலு எடத்துல. அவரு எழுந்தாத்தான் நீங்க உக்கார முடியும்."

"பதினாலு இடத்திலா?"

"ஆமாங்க ஐயா. மூணு மணி நேரப் பேச்சு. பதினாலு தபா."

தென்னரசின் முகம் மாறியது. சங்கத்தின் ஆயிரத்து இருநூறு குடும்பங்களின் குறை இரண்டு வருடமாக எட்டாத ஏதோ ஒரு இடத்தில் அது போய்த் தைத்தது.

"தூக்குங்கய்யா அதை! ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது என் வாய்மொழி ஆணை. எழுத்தில் பிறகு தருகிறேன்."

தனசேகரனின் விரல் விசைமேல் போய் நின்றது. ஆர்டர் வந்துவிட்டது, கை வரவில்லை. பதிமூன்று வருடமாக எதையும் அழிக்காத சங்கத்தின் கை அது. ரேணுகாதேவி அவரைத் தோளால் நகர்த்தினாள். பதினாலையும் சேர்த்துப் பிடித்தாள். மயிலை அழித்து அன்னம் போடுகிற அதே இரண்டு விசைகளை அழுத்தினாள். பச்சைக் கோடு ஒன்று திரையில் ஓடியது, பாவு நூல்களுக்குள் நெசவு நாடா ஓடுவதுபோல. நூற்று இருபத்தாறு ஜிபி காலி. கணினி ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளேயிருந்த காற்றாடி சத்தம் குறைந்தது.

"இப்போ என் படத்தைப் போடுங்கள்."

"ஒரு நிமிசம்ங்க ஐயா" என்றாள் அவள். "ரொம்ப நாளா கெடந்த மிஷினு. மொதல்ல சாதாரணமா ஒரு பிரிண்டு எடுத்துப் பாத்துடலாம். சரியா வந்துதுன்னா உங்க படத்த ஏத்தலாம். எடுத்தவுடனே உங்க படத்த வெச்சி சோதன பண்ணக் கூடாதுங்க. பாதியில நின்னு வாயத் தெறந்துகினே இருந்தா நல்லாருக்காது."

தென்னரசுக்கு அது நியாயமாகப் பட்டது. தனசேகரன் சான்றுப் படிவத்தைத் திறந்தார். அது கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. அவரே பயந்துவிட்டார். பெயர், தறி எண், உறுப்பினர் எண். அச்சு இயந்திரம் இருமியது. காகிதம் வந்தது. சூடாக இருந்தது.

சந்திரமோகன் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். கீழே ‘நாள்’ என்ற இடத்தில் கணினியே தேதி போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ‘இடம்’ என்று இருந்தது, எதிரே காலி. கையால் நிரப்ப வேண்டியது. அவர் பேனா அங்கே வந்து நின்றது.

"இடம்…" என்றார். யோசித்தார். "இந்த இடம் சம்பந்தமான கோப்பு இன்னும் முடியல. கலசப்பாக்கத்துக்கும் வெம்பாக்கத்துக்கும் நாம பதில் போட்டது மேலிடத்துல நிலுவையில கீது. எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுட்டு, திங்கக்கெழம…"

ரேணுகாதேவி அவர் விரலுக்கு நடுவிலிருந்து பேனாவை உருவினாள். அறுந்த இழையை எடுத்து முடிவதுபோல் நிதானமாக, ‘ஆரணி’ என்று எழுதினாள்.

"எனக்குத் தெரிஞ்ச எடம்தாங்க சார்" என்று பேனாவை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு ஓடினாள்.

முதுகுக்குப் பின்னால் தென்னரசின் குரல் கேட்டது. "இந்தப் படங்கள் எக்காலத்தும் அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்."

"வருசத்துக்கு ஒரு காப்பி எடுத்து இதுக்குள்ளயே வெச்சிடறேங்க ஐயா" என்றார் தனசேகரன்.

பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பவித்ரா தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். இருக்கையெல்லாம் நிறைந்து, நடுவில் நின்றவர்கள் நசுங்கி, பின்படியில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் நடத்துநர் தொங்கிக்கொண்டு விசிலை வாயிலிருந்து எடுத்துக் கத்தினார்:

"ஏறு ஏறு, ஜல்தி! உள்ள எடம் கீதும்மா, முன்னால போ!"

அம்மாவும் மகளும் ஏறினார்கள். இடம் இருந்தது. பஸ்ஸிலும், நாலே காலுக்குக் கல்லூரியிலும்.